பேராண்டி போட்ட பொறந்தநாள் பக்கம்

அடேயப்பா! பொண்டாட்டி பொறந்தநாளுக்கு அச்சடிச்சு, கண்ணாடி மாட்டி, சுத்தி ரோசாப்பூ வேற! கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ செலவு பண்ணலியே பேராண்டி. கொண்டா, பாக்கலாம்.

‘வரலாற்றில் இந்த நாள்: பிப்ரவரி 17.’ மொத வரியிலேயே, 1600-ல ரோமாபுரியில புரூனோன்னு ஒருத்தர உயிரோட கொளுத்திட்டாங்கன்னு இருக்குது. வாழ்த்துல எழவுச் சேதிய முன்னாடி வெச்ச கைராசிக்காரன் நீதாண்டா. அடுத்தது, 1963-ல மைக்கேல் ஜோர்டான் பொறந்தாராம். கூடையில பந்து போட்டவரு. நம்ம சாமைக் கொல்லைக்குக் களை எடுக்க வருவாரா?

உம் பொண்டாட்டி பொறந்தது 1988. அதே வருசம், அதே பிப்ரவரி 17, நம்ம காவலூர் வானாய்வு மையத்துல ராஜமோகன்னு ஒரு விஞ்ஞானி சிறுகோள் ஒண்ணக் கண்டுபிடிச்சாரு. கணக்குப் புலி ராமானுஜன் பேர வெச்சாங்க. 4130-ன்னு நம்பரும் உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துது. புதன்கிழமைன்னு நெனச்சுக்காத! வானத்துல எத்தனையோ உலகம் இருக்குதுன்னு சொன்னவருதான் அந்த புரூனோ. அவரக் கொளுத்தி 388 வருசம் கழிச்சு, அதே தேதியில, நம்ம மலையில புதுசா ஒண்ணு ஆப்புட்டிருக்குது. ரோமாபுரி வரைக்கும் போன உன் செல்போனுக்குக் காவலூர் பஸ்ஸு மட்டும் கெடைக்கலியா?

எனக்கு இந்த மாதிரி எதுவும் போட்டுடாத. எம் பொறந்த தேதிய வெச்சவரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. எங்க வகுப்புல அத்தன பேருக்கும் ஜூன் ஒண்ணாந்தேதிதான். போடறதுன்னா, ஒரே நாள்ல அத்தன பிரசவம் பாத்த மருத்துவச்சிக்குப் போடு.

தேதி போட்டு நெனப்பு எழுதறது எப்படின்னு எடத்தனூர் நடுகல்லக் கேளு. மலைக்குக் கீழ, செங்கம் சீமை. மகேந்திரவர்மனுக்கு 34-வது ஆட்சி வருசம். கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன் எருமைங்களக் காக்கப் போயி உசுர விட்டான். அவன் நாயி, கள்ளனுங்க ரெண்டு பேரக் கடிச்சுக் காவல் இருந்துச்சு. வருசம், ஆளு, நடந்தது. தீந்துபோச்சு. ரோசாப்பூவு இல்ல, 1,400 வருசமா அழியாம இருக்குது. நாயோட பேரயும் மறக்காம வெட்டியிருக்கான்: கோவிவன்.

உன் பக்கத்துல கொட்ட எழுத்துல இன்னா இருக்குது? ‘திருமதி’ன்னு போட்டு, பின்னாலயே உன் பேரு. அவ பேரு எங்கடா? ராத்திரி சோறு வேணும்னா, அவ பாக்கறதுக்குள்ள கண்ணாடியக் கழட்டி மாத்து.