கத்தரிப்பூ நிறச் சுவரும் மருதத்திணை ஊடலும்: ஓர் ஆய்வு

தமிழர் இல்லங்களின் உட்சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் தகுமா என்னும் வினா பெயிண்ட் கடை வாசல்களில் நெடுங்காலமாக அலசப்பட்டு வருகிறது. ஆயினும் அறிஞர் பெருமக்கள் இதனைத் தம் கவனத்துக்குரியதாகக் கருதியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை வருமாறு: 10க்கு 12 அடியில் ஒரு படுக்கையறை, அதன் நான்கு சுவர்கள், கணவன், மனைவி, மாமியார், பெயிண்டர். சீலிங் ஆய்வுக்குள் வராது. சீலிங் வெள்ளை என்பதில் எக்குடும்பத்திலும் மாற்றுக் கருத்து இல்லை.

கத்தரிப்பூ நிறம் என்று இங்கே சுட்டுவது காயின் கருத்த ஊதாவை அன்று. பூவிதழின் வெளிர் நிறத்தை. கடைக்காரர் வழக்கில் இது "லைட் லாவெண்டர், ஆனா கொஞ்சம் டல்லா." இந்த "டல்" என்ற அடைமொழியை வெறும் அசைநிலை என்று தள்ளுவார் உளர். அது பொருந்தாது. என்னை? வெள்ளை பேஸில் வயலட் சாயத்தை மட்டும் விட்டு மிஷினில் குலுக்கினால் கிடைப்பது பிறந்தநாள் விழா மண்டபம். அதோடு ஒரு சொட்டுக் கறுப்போ பழுப்போ சேர்ந்தால்தான் மனிதர் படுத்து உறங்கத் தக்க நிறம் வருகிறது. ஆகவே இந்நிறத்தின் உயிர் ஊதாவில் இல்லை, அழுக்கில் இருக்கிறது என்க.

இனி வரலாறு. 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், கிழக்கு லண்டனில் தன் வீட்டு மேல்மாடியில், வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவன் நிலக்கரித் தாரிலிருந்து வந்த அனிலீனை வைத்துக்கொண்டு மலேரியாவுக்கான கொய்னா மருந்து செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை. குடுவையில் கறுப்பாக ஏதோ படிந்தது. அதைச் சாராயம் விட்டுக் கழுவியபோது ஊதா பிறந்தது. அந்த ஆகஸ்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டான்; பாத்திரம் கழுவி இவ்வளவு பணம் பார்த்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே கொய்னாத் தேவைக்காகச் சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஊட்டியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கங்களில் சின்கோனா மரங்களை நட்டார்கள். ஒரே காய்ச்சலுக்கு லண்டன் மாடியில் ஒரு பிள்ளை, நீலகிரிச் சரிவில் ஒரு பிள்ளை. எனவே இந்நிறம் நமக்கு அந்நியமன்று, பங்காளி முறை.

1858 ஜனவரியில் விக்டோரியா அரசி மூத்த மகள் கல்யாணத்துக்கு இந்நிற வெல்வெட்டில் வந்தார். அடுத்த ஆண்டே லண்டன் 'பஞ்ச்' இதழ் ஊர் முழுக்க ஊதாத் தட்டம்மை பரவுவதாகக் கேலி செய்தது. இவையெல்லாம் துணிச் செய்திகள். சுவருக்கு முன்னோடி வேண்டுமானால் ரஷ்யாவுக்குப் போக வேண்டும். கடைசிப் பேரரசி அலெக்சாந்திரா, பீட்டர்ஸ்பர்க்கை அடுத்த அலெக்சாந்தர் அரண்மனையில் தன் சொந்த அறையின் சுவர்களை இந்நிறத்தால் மூடினார். பூச்சு அன்று, பட்டு. போரில் அழிந்த அவ்வறை மீண்டும் அமைக்கப்பட்டு 2021இல் பார்வைக்குத் திறக்கப்பட்டது. வாடகை வீட்டுக்காரருக்கு இம்முன்னுதாரணம் உதவாது என்பதால் மேலே செல்வோம்.

இக்கட்டுரையின் நடுநாயகமான பகுதி இதுதான். ஊதா என்று நாம் பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் கத்தரிப்பூ நிறத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: வானவில்லில் அதற்கு இடமில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் தனித்தனி அலைநீளம் இருக்கிறது. இதற்கு இல்லை. சிவப்புக் கோடியையும் நீலக் கோடியையும் சேர்த்துப் பார்த்த மூளை தானாக வரைந்துகொள்ளும் நிறம் இது. ஆகவே அறைக்குள் வரும் வெளிச்சத்தில் எந்தக் கோடி ஓங்குகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டணிக் கட்சிகளின் இயல்பை அறிந்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விளைவைப் பாருங்கள். மனைவி கடையில் 6500 கெல்வின் டியூப் லைட்டின் கீழ் ஷேட் கார்டைப் பார்க்கிறார். வெளிச்சத்தில் நீலம் மிகுதி, ஆகவே லாவெண்டர். கணவன் இரவு படுக்கையறையில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டுப் பார்க்கிறான். அங்கே சிவப்பு மிகுதி. "ஏங்க, லாவெண்டர்தானே கேட்டேன்?" "இது எந்த ஊரு லாவெண்டர்? பச்சைப் பிங்க்!" மாமியார் விடிகாலையில் எழுந்து, விளக்குப் போடாமல், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார். "ஏன்டா, நல்ல நாளும் அதுவுமா சாம்பல் கலரையா அடிச்சு வச்சிருக்கீங்க?" மூவரும் மெய்யே சொன்னார்கள். வெள்ளைச் சுவரில் ஒருவராவது பொய் சொல்ல வாய்ப்புண்டு. இங்கே அதற்கும் வழியில்லாததால் சமாதானத்துக்கும் வழியில்லை.

இதோடு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஷேட் கார்டின் கட்டத்தை ஒரு சதுர அங்குலம் என்று கொள்வோம். மேற்படி அறைக்குச் சுவர் உயரம் 10 அடி என்றால், கதவு ஜன்னல் கழிக்காமல் 440 சதுர அடி. அதாவது 63,360 சதுர அங்குலம். ஒரு கட்டத்தைப் பார்த்து 63,360 கட்டங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். போதாக்குறைக்கு எதிரெதிர்ச் சுவர்கள் தம் நிறத்தை ஒன்றன்மேல் ஒன்று வீசிக்கொள்வதால் கார்டில் நாணி நின்ற நிறம் அறையில் குரலெடுத்துப் பேசும். எமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாகவும் காய்ந்தபின் அழுத்தமாகவும் தெரியும் என்பதால், முதல் கோட் அன்று மாலை நிலவும் அமைதியை நம்புவதற்கில்லை.

தரையையும் விசாரிக்க வேண்டும். பாரிஸ் கோபெலான் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரேல், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்து, குற்றம் நூலில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். அவர் விதிப்படி மஞ்சளுக்கு அருகில் ஊதா இன்னும் ஊதாவாகும். நம் வீடுகளில் சந்தனக் கலர் டைல்ஸ், தேக்குக் கதவு, சாமி படத்துக்குச் சரமாக மஞ்சள் எல்.இ.டி. செவ்ரேல் இவற்றைப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகம் எழுதியிருப்பார். போகிக்குப் போகி சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து அடித்த காலத்தில் இத்தகைய சிக்கல் எழவில்லை. சுண்ணாம்பின் பழுப்பை நீலம் அடக்கியது, வீட்டாரின் வாயைத் தாத்தா அடக்கினார்.

இனித் திணை. படுக்கையறை புணர்தல் நிலம், எனவே குறிஞ்சி. ஆகவே குறிஞ்சிப் பூவுக்கு நெருங்கிய இந்நிறமே அங்கு ஏற்றது என்று உள் அலங்கார நிபுணர் சிலர் வாதிடக்கூடும். அற்றன்று. பூசப்படுவது கத்தரிப்பூ. கத்தரி விளைநிலத்துப் பயிர். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். எனவே இந்நிறம் ஏறிய வீட்டில் கணவன் மனைவிக்குள் பிணக்கு வருவது மனிதக் குறை அன்று, இலக்கண அமைதி. கத்தரி தோட்டக்கால் பயிராயிற்றே, நெல் வயலோடு சேர்க்கலாமா எனின், திணைமயக்கம் என்று சொல்லித் தப்பிக்க இலக்கணத்தில் எப்போதும் இடமுண்டு.

ஊடல் உண்டெனில் அதைத் தீர்க்க வாயில்களும் உண்டு. தோழி, பாணன், பாங்கன், கூத்தர், விருந்தினர், கண்டோர் எனத் தொல்காப்பியர் பட்டியல் நீள்கிறது. பெயிண்டரை எதில் அடக்குவது? ஏணியின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று ரோலர் ஓட்டுவதால் கூத்தருள் அடக்கலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. பல வீடு கண்டவர் ஆதலின் கண்டோருள் அடங்குவர் என்பதே துணிபு. அவர் யார் பக்கமும் பேசுவதில்லை. பீடியை வாசலுக்கு வெளியே அணைத்துவிட்டு வந்து, சுவரைப் பாராமல், பக்கெட்டில் மிச்சமிருக்கும் பெயிண்டைப் பார்த்துச் சொல்கிறார்: "சார், அக்கா சொல்றதும் கரெக்ட், நீங்க சொல்றதும் கரெக்ட். இந்தக் கலரை ஒரே ஒரு செவுத்துக்கு வச்சிக்கலாம். மத்த மூணுக்கும் ஐவரி ஓட்டிடறேன். இப்ப எல்லா ஃபிளாட்லயும் அப்படித்தான்."

எந்தச் சுவர் என்பதிலும் அவருக்கு ஐயம் கிடையாது. கட்டிலின் தலைமாட்டுச் சுவர். அறைக்குள் நுழைபவருக்கு முதலில் தெரிவது அதுவே; மனைவிக்கும் அவரது தோழியருக்கும் அது போதும். கணவனோ படுத்த பிறகு பார்ப்பது எதிர்ச்சுவர் ஐவரியை. மாமியார் வாசற்படியோடு நின்றுவிடுவார். இனி அந்த வீட்டில் பேச்சு ஐவரியைப் பற்றித்தான்: அது மஞ்சளா, வெள்ளையா?