பிறைக்கு ஏது முன்பதிவு?

கேள்வி: ராக்கெட் விட்டு நிலாவிலேயே இறங்கியாகிவிட்டது. ரம்ஜான் என்றைக்கு என்று தெரிய மட்டும் இன்னும் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டுமா?
(வாசகர், ஒதியம்பட்டு)

பதில்: ராக்கெட்டுக்கு நிலா இருந்தால் போதும், பெருநாளுக்கு அது கண்ணில் படவும் வேண்டுமே! 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஏப்ரல் 8 நள்ளிரவு நெருங்கும்போது அமாவாசை. அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். நிமிஷம் பிசகாத கணக்குதான். ஆனால் மறுநாள் மாலை பிறைக்கு வயது சுமார் 19 மணி நேரம், நகக்கீற்றைவிட மெல்லிசு. கேரளத்தில் பார்த்துவிட்டார்கள், 10ஆம் தேதியே பெருநாள். தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் 11. அமாவாசையைச் சொல்லும் கணக்கு, மேற்கே மேகம் மறைக்குமா என்று சொல்லாது. மறைத்தாலும் பயமில்லை, முப்பது நோன்போடு மாதத்தை முடித்துக்கொள்ள விதி இருக்கிறது.

கணக்கை வைத்துவிட்டால் குழப்பம் தீருமே என்பீர்கள். துருக்கி அப்படித்தான் செய்கிறது, செய்யட்டும். ஆனால் ஈஸ்டர் முழுக்கக் கணக்குதான். அதே 2024இல் மேற்கத்திய சபைகளுக்கு மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. பஞ்சாங்கம் பார்த்தே வரும் கிருஷ்ண ஜெயந்திக்கும் நம் காலண்டரில் சில வருஷம் இரண்டு தேதி. கணக்கு வந்ததும் அடுத்த கேள்வி வருகிறது: யாருடைய கணக்கு?

லீவு என்றைக்கென்று தெரியாத அவஸ்தை நிஜம்தான், மறுக்கவில்லை. வில்லியனூர்ப் பக்கத்துக் கறிக்கடைக்காரரை நினைத்துப் பாருங்கள்: விடிந்தால் பிரியாணியா, இன்னொரு நாள் சஹர் சாப்பாடா என்று அவருக்கு ராத்திரிதான் தெரியும்!