காதண்ணாச்சி

எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வந்தவர்களைவிட, வாங்க வந்தவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் அதிகம். அவர்களில் தலையாயவர் காதண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தரகர் இல்லை; சொந்தமாக ஓர் ஆடும் இல்லை. சட்டைப் பையில் தையற்காரர் டேப் ஒன்று உண்டு. கமிஷன் தொடமாட்டார், ரெண்டு புரோட்டா, ஒரு டீ போதும். டீ பாக்கெட் பாலில் போட்டதாக இருக்கவேண்டும். ஆட்டுப்பால் வாடை அவருக்கு ஆகாது.

கறவைக்கு ஆடு வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அண்ணாச்சி உத்தரப்பிரதேசம் எட்டாவா மாவட்டத்துக்குப் போய்விடுவார். யமுனையும் சம்பலும் ஓடுகிற சக்கர்நகர் பக்கம்தான் அசல் ஜமுனாபாரி என்பார். அது உண்மைதான். வளைந்த மூக்கு, ஒரு சாணைத் தாண்டித் தொங்கும் காது, பாலும் நல்ல பால். ஆனால் பாலைப் பற்றி அரை நிமிஷம் பேசுவார்; மீதி நேரம் முழுக்கக் காது.

கலப்பினம் என்றால் கணக்கில் இறங்குவார். நாட்டுப் பெட்டைக்கு ஜமுனாபாரிக் கிடா போட்டால் ஐம்பது சதம். அந்தக் குட்டிக்கு மறுபடி ஜமுனாபாரி, எழுபத்தைந்து. இன்னொரு தலைமுறை, எண்பத்தேழரை. கணக்கில் பிழை இல்லை. ஆனால் சந்தையில் கட்டிக்கிடக்கும் ஆட்டின் பாட்டனை யார் பார்த்தது? அண்ணாச்சிக்கு அது தேவையில்லை. காதைத் தடவியே சதவீதம் சொல்வார். ஆடு வேலி தாண்டினால் அந்தப் பாக்கிப் பன்னிரண்டரையின் வேலை.

சுவிட்சர்லாந்து சானேன் உலகத்திலேயே பேர்போன கறவை ஆடு. கர்னால் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் சானேன், ஆல்பைன் கிடாக்களை நம் பீட்டலோடு சேர்த்துக் கலப்பினமே உருவாக்கினார்கள். சானேன் படத்தைக் காட்டினால் அண்ணாச்சி உதட்டைப் பிதுக்குவார். அதன் காது நிமிர்ந்து நிற்கிறதாம். "முயலுல்லா இது!"

ஒருநாள் விளாத்திகுளம் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். மூன்று ஏக்கர் கரிசல், கூட ஒரு டீக்கடை. துணைக்கு அவருடைய ஆச்சி. தொங்கு காதுப் பெட்டை ஒன்றின்மேல் டேப் விழுந்தது.

"பத்தேகால் அங்குலம்! யோசிக்காதிய தம்பி."

பத்தேகால் என்றதும் விற்கிறவர் வாயில் இரண்டாயிரம் ஏறியது. மடி வேறு விம்மி நின்றது. ஆச்சி குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து பீச்சவே இல்ல போல. பாவம், வலியில நிக்கி." கையோடு உதட்டை விலக்கினாள். "எத்தனாவது ஈத்து?"

"ரெண்டாவது, ஆச்சி."

"ரெண்டாம் ஈத்துக்கா எட்டுப் பல்லும் இப்படித் தேஞ்சிருக்கு?"

விற்கிறவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

மூன்று வரிசை தள்ளி ஒரு தலைச்சேரிக் கலப்பு, ரெட்டைக் குட்டியோடு நின்றது. ஆச்சி குட்டிகளை ஊட்டவிட்டாள். குடித்து முடித்ததும் மடி துவண்டு தொங்கியது. ஊட்டிய பிறகும் கல்லாக நின்றால் அது வெறும் சதைமடி. இதில் இரண்டு காம்பிலும் உள்ளங்கையில் பீச்சிப் பார்த்தாள். கட்டி இல்லை, ரத்தம் இல்லை. "இதப் பிடி" என்று பேரனிடம் சொல்லிவிட்டு விலை பேச உட்கார்ந்தாள். குட்டி இரண்டையும் சேர்த்தே பேசினாள்.

அண்ணாச்சி சும்மா நிற்க முடியுமா? டேப்பை நீட்டினார். ஆறரை அங்குலம். இன்னொரு காதையும் அளந்தார். அதுவும் ஆறரைதான். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு தம்பியின் தோளில் கை வைத்தார்.

"நல்ல ஆடுதான் தம்பி. காது உள்ள இருக்கு. அடுத்த ஈத்துக் குட்டியில வெளிய வந்துரும், பாத்துக்கிடுங்க."