ஏரிக்கு நகல் இல்லை

சென்னையில் நிலவகை மாற்றம் பெரிய காரியமல்ல. ஆணையின் நகலை ஏரிக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான். 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவுக்குத்தான் அடுக்ககங்களைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும், பார்த்தாலும் ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்தவருக்கு ஏரிக்குள்ளேயே மனை! பள்ளிக்கரணைச் சதுப்பில் பல ஆண்டுகள் குப்பை கொட்டிய பிறகு, 2022இல் அதற்கு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது.

மனை வாங்குகிறவர்களே, வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். நிலம் முன்பு எந்த வகை என்று காட்டும் பழைய ‘அ’ பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.