மூல காரணம்: கவனக்குறைவு

நம் தொழிற்சாலைகளில் தட்டுப்பாடே வராத உதிரி பாகம் ஒன்று உண்டு. ஸ்டோருக்கு இண்டென்ட் போட வேண்டாம், பர்ச்சேஸ்காரனிடம் பல்லிளிக்க வேண்டாம். விபத்து நடந்த அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும், எந்த மெஷினுக்கும் பொருந்தும். அதன் பெயர் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’.

வாகன உதிரி பாகம் செய்யும் ஆலை ஒன்றில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்து கம்பெனி செலவில் முந்திரி பிஸ்கட் தின்றிருக்கிறேன். ஒரு முறை பவர் பிரஸ்ஸில் 19 வயதுப் பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. டிரெய்னி. சேர்ந்து 11 நாள்.

கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்துவதற்கென்றே அதில் ஒரு சென்சார் உண்டு. ஒரு சாண் வயரை வைத்து அதை பைபாஸ் செய்திருந்தார்கள். சென்சார் நிறுத்தினால் ஸ்ட்ரோக் குறையும், ஸ்ட்ரோக் குறைந்தால் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசருக்கு அர்ச்சனை நடக்கும். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரண்டு பட்டனில் ஒன்றை செல்லோ டேப் அழுத்திக்கொண்டிருந்தது. வயருக்கு வயது 8 மாதம். எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாடிக்கையாளர் கம்பெனி ஆடிட்டருக்கு மட்டும் தெரியாது. அவர் வரும் நாளில் கழற்றிவிடுவோம்.

விசாரணைக்கு ஜப்பான் முறைதான். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ, மெஷின் நின்றால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்கச் சொன்னார். ஃப்யூஸ் போனதில் தொடங்கி, எண்ணெய் பம்புக்குள் இரும்புத் தூள் போகாமல் தடுக்க வடிகட்டி இல்லை என்பதில் போய் நிற்கும் அவர் சொன்ன உதாரணம். நாங்களும் ஐந்து தடவை கேட்டோம். விரல் ஏன் போயிற்று? கை உள்ளே போனதால். கை ஏன் உள்ளே போயிற்று? அவன் விட்டதால். ஏன் விட்டான்? கவனமில்லை. ஏன் கவனமில்லை? ராத்திரி முழுக்க போன் பார்த்திருப்பான். ஏன் பார்த்தான்? இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான் சார். ஐந்து கட்டமும் நிரம்பிவிட்டது. வயர் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

‘திருத்த நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் மிச்சமிருந்தது. ‘தொழிலாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதினோம். அறிவுரையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வேண்டுமே? ஆஸ்பத்திரிக்கே போனோம். கையெழுத்துப் போடும் கையில் கட்டு. இடது பெருவிரலை மையில் தோய்த்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவனுக்கு முன்னால் அதே பிரஸ்ஸில் மூன்று பேர் மயிரிழையில் தப்பியிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வருவது சென்சார் அல்ல, மெமோ. 3 நாள் சம்பளம் போய் இன்கிரிமென்ட்டும் போகும் என்று தெரிந்தவன் எதைச் சொல்வான்? தண்டனை தொழிலாளிக்கு ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறது: மறைக்க. அப்புறம் ‘எங்கள் ஆலையில் 200 நாள் விபத்தே இல்லை’ என்று வாசலில் போர்டு வைக்கலாம்.

1924-இல் டொயோட்டாவுக்கு மூலவரான சாகிச்சி டொயோடா ஒரு தறி செய்தார். நூல் அறுந்தால் அது தானே நிற்கும். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்காது. அந்தத் தறியின் பேரப்பிள்ளைதான் டொயோட்டா ஆலைகளில் தொங்கிய ஆண்டோன் கயிறு. கோளாறைக் கண்ட தொழிலாளி இழுப்பார், உதவிக்கு ஆள் ஓடி வரும், தீராவிட்டால் லைனே நிற்கும். 1924-இல் ஒரு தறிக்கு இருந்த உரிமை எங்கள் பையனுக்கு இல்லை. கயிறு என்னவோ எங்களிடமும் இருந்தது, மஞ்சள் நிறத்தில். இழுத்தவன் பெயரைக் குறிக்க ஒரு நோட்டும் இருந்தது.

தப்பு நேரவே முடியாதபடி செய்யும் ஏற்பாடுகளுக்கு ஜப்பானில் முதலில் ‘பாகா யோகே’ என்று பெயர். பாகா என்றால் முட்டாள். தன்னை முட்டாள் என்கிறார்களா என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட, பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ அதை ‘போகா யோகே’ என்று மாற்றினார். கைத்தவறைத் தடுப்பது என்று பொருள். அங்கே ஒருத்தியின் கண்ணீருக்கு ஒரு சொல் மாறியது. இங்கே இரண்டு விரலுக்கு மெமோவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

‘நம்ம ஆளுங்க சரியில்லை சார்’ என்பார்கள். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியபோதும் இதே பேச்சுதான்: அமெரிக்காவிலேயே மோசமான ஆட்கள். டொயோட்டா கூட்டுச் சேர்ந்து, பெரும்பாலும் அதே ஆட்களை வைத்து 1984 டிசம்பரில் முதல் காரை வெளியே ஓட்டியது. சீக்கிரமே தரத்தில் ஜப்பான் ஆலையோடு போட்டி போட்டார்கள். அத்தனை காலம் அந்த ஆட்களிடம் இருந்த கவனக்குறைவு எங்கே போயிற்று? பழைய மேனேஜர்களோடு போயிருக்க வேண்டும்.

அதே டிசம்பரில்தான் போபால் விஷவாயுக் கசிவு. குளிரூட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள், கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்த பிறகு அந்த ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடு கண்டுபிடித்த மூல காரணம்: அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலை. எங்கள் குழுவில் இருந்திருந்தால் அவர்களுக்கும் முந்திரி பிஸ்கட் கிடைத்திருக்கும்.

நம் மண்ணுக்கு ஜப்பான் முறை ஒத்துவராது என்றும் சொல்லிவிட முடியாது. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில், 1998-இல், வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த தர நிபுணர் டெமிங்கின் 14 கொள்கைகளில் எட்டாவது, பயத்தை விரட்டு என்பது. எங்கள் ஆலையிலும் டெமிங் படம் தொங்கியது, உள்விசாரணை நடக்கும் அறையில். ‘லீன்’, அதாவது மெலிந்த உற்பத்தி, என்ற பெயரில் நாங்கள் மெலியவைத்தது ஆள் கணக்கை மட்டும்தான்.

விரல் போன பிரஸ் விபத்தன்று மாலை ஷிப்டிலேயே ஓடியது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் வயரைக் கழற்றினோம். அடுத்த வாரம் திரும்ப மாட்டினோம். அந்த விசாரணை அறிக்கையின் அடியில் நான்கு கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது என்னுடையது.