பான் மாடியும் ஸ்ரீசிட்டியும்

சித்தூர் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆஃப் சீசன் என்றால் என்னவென்று தெரியும். அரவை முடிந்து பாய்லர் அணைந்ததும் ஆலை முழுவதும் ஃபிட்டர்கள் கைக்கு வந்துவிடும். எவாபரேட்டர் குழாய்களில் படிந்த ஸ்கேலைச் சுரண்ட வேண்டும். வேக்குவம் பான் வால்வுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரும்பு கேரியர் செயினை இறக்கி ஏற்ற வேண்டும். அத்தனையும் உயரத்து வேலை. பான் மாடி என்று நாங்கள் சொல்லும் தளமே வீட்டு மாடிகள் இரண்டு மூன்றை அடுக்கிய உயரத்தில் இருக்கும்.

1970களின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த உயரத்துக்கு எங்களிடம் இருந்த துணை தேங்காய் நார்க் கயிறும் மேஸ்திரியின் கண்ணும்தான். செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டிய சாரம், அதன் குறுக்கே ஒற்றைப் பலகை. கைப்பிடிக் கம்பி இருக்காது. தரையெங்கும் பாகும் கிரீஸும் படிந்து பிசுபிசுக்கும். கீழே நின்று மேஸ்திரி குரல் கொடுப்பார்: “ஜாக்ரத்த நைனா, கீழ பாக்காத, கையப் பாரு.” அவருக்கு எங்கள்மேல் இருந்த அக்கறையில் துளியும் பொய் இல்லை. ஆனால் ஒருவர் கண்ணை நம்பி எத்தனை பேர் மேலே நிற்க முடியும்?

ஓர் ஆஃப் சீசனில் பான் மாடித் தரையிலிருந்து செக்கர் பிளேட் ஒன்றைக் கழற்றினார்கள். கீழ்த்தளத்துக்கு ஒரு மோட்டாரை செயின் பிளாக் போட்டு இறக்க வேண்டியிருந்தது. வேலை பாதியில் நிற்க, சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது. மேலே வெல்டிங் நடந்துகொண்டிருந்ததால், தீப்பொறி கீழே விழக்கூடாது என்று யாரோ அந்தத் திறப்பின்மேல் ஈரச் சாக்கை விரித்துவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சற்று நேரத்தில் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்த உதவியாளர் சாக்கைத் தரை என்று நினைத்துக் காலை வைத்தார். கீழே கிரிஸ்டலைசர் தொட்டியின் விளிம்பில் முதுகு அடிபட்டுத் தரையில் விழுந்தார்.

கையை இருவர், காலை இருவர் பிடித்துத் தூக்கினோம். முதுகெலும்பு முறிந்தவரை அப்படித் தூக்கக்கூடாது, அசையாமல் பலகையோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. லாரியில் போட்டு வேலூருக்குக் கொண்டு போனார்கள். சித்தூர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். உயிர் பிழைத்தது, கால்கள் திரும்பவில்லை. விசாரணை நடந்தது. விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: கவனக்குறைவு.

பிளேட்டைக் கழற்றியவர் அவர் அல்ல. சாக்கை விரித்தவரும் அல்ல. நடக்க வேண்டிய வழியில் நடந்தவர். எழுதப்பட்டது அவருடைய கவனக்குறைவு.

அவரைப் பார்க்கப் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போனபோதுதான் அந்த இடத்தின் வரலாற்றை அறிந்தேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் தொடங்கியது அந்த மையம். மரத்திலிருந்து, சாரத்திலிருந்து, கூரையிலிருந்து விழுந்தவர்கள் அங்கே எத்தனை பேர்! உட்காரவும், சக்கர நாற்காலியில் ஏறி இறங்கவும், படுக்கைப் புண் வராமல் உடம்பைத் திருப்பிக்கொள்ளவும் அவர்களுக்கு முதலிலிருந்து கற்றுத் தருகிறார்கள். உயரத்து வேலைக்கு ஆளை அனுப்புகிற ஒவ்வொரு முதலாளியும் காண்ட்ராக்டரும் ஒரு நாளாவது அந்த வார்டுகளில் நடந்து பார்க்க வேண்டும்.

சட்டம் அப்போது இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தரையில் உள்ள ஆபத்தான குழி, தொட்டி, திறப்பு எதுவானாலும் உறுதியாக மூட வேண்டும் அல்லது உறுதியாக வேலியிட வேண்டும் என்றது. விழ வாய்ப்புள்ள உயரத்தில் ஆள் வேலை செய்தால் வேலியாலோ வேறு வழியாலோ காப்பு தர வேண்டும் என்பது 32-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் இப்போது 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. முதலாளியின் கடமை போய்விடவில்லை.

இன்றைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த காலத்துச் சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. ரேணிகுண்டா சாலையிலும் சத்யவேடு பக்கம் ஸ்ரீசிட்டியிலும் வரிசையாகத் தொழிற்சாலைகள். என் அக்கா மகன் அப்படி ஒன்றில் சேஃப்டி ஆபீசர். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் ஃபுல் பாடி ஹார்னஸ், இரண்டு கொக்கி உள்ள லேன்யார்ட் கயிறு, ஏறுவதற்கு முன் கையெழுத்தாகும் வொர்க் பெர்மிட், காலையில் ஆட்களை நிறுத்தி அன்றைய ஆபத்தைப் பேசுகிற ஐந்து நிமிடம். நார்க் கயிற்றில் தொங்கிய எனக்கு இதையெல்லாம் பார்க்க மனம் நிறைந்தது. பழைய இடுப்பு பெல்ட் விழுகிறவரின் வயிற்றையும் முதுகையும் நெரித்துவிடும். ஹார்னஸ் அந்த அதிர்ச்சியை உடம்பு முழுக்கப் பகிர்ந்துவிடுகிறது.

ஆனால் அவன் சொன்ன ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. “மாமா, ஹார்னஸ் போட்டா ஆள் சேஃப்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நாலு மீட்டர் மேடையில காலடியிலயே கொக்கிய மாட்டினா அவன் தரையிலதான் விழுவான்.” காகிதத்தில் போட்டுக் காட்டினான். லேன்யார்ட் நீளம் 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரியும்போது இன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். ஆக, காலுக்குக் கீழே கிட்டத்தட்ட 6 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அந்தக் கயிறு ஆளைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு நொடி போதும். மோதும் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். கொக்கியைத் தலைக்கு மேலே உறுதியான இரும்பில் மாட்ட வேண்டும். அப்படி ஓர் இரும்பை அங்கே வைத்துத் தருவது யார் வேலை? மாட்டுகிறவருடைய வேலை அல்லவே.

கயிறு பிடித்துவிட்டாலும் முடிந்துவிடவில்லை. ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்குகிறவருக்கு ரத்தம் காலில் தேங்கும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை எப்படி இறக்குவது என்று ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இப்போதைய விபத்துகளைப் பற்றிப் பேசினால் வருகிற பதில் என்ன? “பெல்ட் குடுத்தோம், அவன்தான் ஹூக் மாட்டல.” நாற்பது வருடத்துக்கு முன் கால் தவறியவன் குற்றவாளி. இன்று கொக்கி மாட்டாதவன் குற்றவாளி. மேடை எப்படி இருந்தது என்ற கேள்வி அன்றும் எழவில்லை, இன்றும் பல இடங்களில் எழுவதில்லை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெல்ட் கடைசிக் காப்பு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை முதலாளி கையில் இருக்கின்றன. பிரிட்டனில் 2005-இல் வந்த உயரப் பணி விதிகள் இந்த வரிசையைத் தெளிவாக வைத்திருக்கின்றன: முடிந்தால் ஏறவே வேண்டாம், ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் விழ முடியாதபடி இடத்தை அமை, அதுவும் இயலாதபோது விழுந்தால் அடிபடாதபடி காப்பு கொடு.

ஏறாமல் முடியுமா என்று கேட்பவர்கள் ஊர்ச் சந்திப்பில் நிற்கும் ஹைமாஸ்ட் விளக்கைப் பார்க்கட்டும். பல்பு மாற்ற யாரும் கம்பத்தில் ஏறுவதில்லை. வின்ச்சைச் சுற்றினால் விளக்கு வளையமே இறங்கி வருகிறது. மேலே இருக்கும் வால்வுக்கும் சக்கரம் வைத்துச் சங்கிலி தொங்கவிட்டால் தரையில் நின்றே திருகலாம். ஏறித்தான் ஆக வேண்டிய மேடைக்கு இடுப்பு உயரத்துக்கு மேலே ஹேண்ட்ரெயில், நடுவில் ஒரு கம்பி, ஸ்பேனர் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாதபடி விளிம்பில் ஒரு பட்டை. இவ்வளவுதான். வெல்டருக்கு அரை நாள் வேலை.

பெரிய கேட் போட்ட கம்பெனிகளைவிட எனக்குச் சின்ன ஷெட்டுகள்மீதுதான் கவலை. ஜி.டி. நெல்லூர், புத்தூர், சித்தூர் சுற்றுவட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலைகள் வருடத்தில் சில மாதம்தான் ஓடுகின்றன. பெங்களூரா மாங்காய் வந்து குவியும்போது இரவு பகல் தெரியாது. பழம் கொட்டும் மேடை, நீராவிக் கெட்டில் படிகள், எல்லாம் கூழும் தண்ணீரும் சேர்ந்து வழுக்கும். தார்ப்பாய் கட்ட லாரி உச்சியில் ஏறுகிறவருக்குப் பிடிக்க எதுவும் இல்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏற்றுகிறார்கள், சோலார் தகடு பதிக்கவும் ஏற்றுகிறார்கள். அந்த ஷீட் ஆள் பாரம் தாங்குவதற்குச் செய்ததில்லை. வெளிச்சத்துக்காக நடுவில் பதித்த பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். தூசி படிந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏறுகிறவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், சுவரில் தெலுங்கில் எழுதியிருக்கும் எச்சரிக்கை அவருக்குப் படிக்க வராது.

ஷெட் வைத்திருக்கும் முதலாளிமாரே, இந்த வருடம் மாங்காய் லாரி வருவதற்கு முன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் மேடைகளைச் சுற்றி நடந்து பாருங்கள். ஹேண்ட்ரெயில் இல்லாத விளிம்பைக் கண்டால் அன்றே வெல்டரைக் கூப்பிடுங்கள். கழற்றிய பிளேட்டை மாட்டும்வரை அந்த இடத்தில் வேலியும் ஓர் ஆளும் நிற்கட்டும். குறுக்குப் பலகை போடாமல், கீழே வலை கட்டாமல் யாரையும் ஷீட் கூரை மேல் ஏற்றாதீர்கள். ஏற்றும் ஆளிடம் அவர் மொழியிலேயே பேச ஒருவரை வையுங்கள்.