கிழியாத புத்தகங்கள்

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோம். அந்த விரல் மகிழ்ச்சியாக எழுதும் கடைசி எழுத்து பெரும்பாலும் அதுதான். மறுநாளே நான்கு கோடு நோட்டு வந்துவிடும். ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன். மூன்றரை வயதுக் குழந்தை கை வலிக்கிறது என்று அழுதால், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் தீர்ப்பு வாசிக்கப்படும்: “பையனுக்கு ரைட்டிங் ஸ்பீடு பத்தல சார்.” எந்த ரயிலைப் பிடிக்க இந்த ஸ்பீடு என்று கேட்கத் துணிந்த அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் அவரைத் திரும்ப விடவில்லை. 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி இருக்க வேண்டும், வேண்டியதைக் குழந்தையே எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதுவே திருப்பி வைக்க வேண்டும் என்பது அவருடைய முறை. நாம் நன்றி மறப்பவர்களா? கார் ஷெட்டுக்கு மேல் தகரம் போட்ட இடத்தில்கூட அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். பெயரை எடுத்துக்கொண்டோம். அலமாரிக்கு மட்டும் பூட்டு போட்டுவிட்டோம்.

நான் பார்த்த ஒரு நர்சரியில் ‘ரீடிங் கார்னர்’ இருந்தது. சுவரில் புத்தகம் படிக்கும் ஒட்டகச்சிவிங்கி, தரையில் இரண்டு பீன் பேக், பக்கத்தில் கண்ணாடி வைத்த பீரோ. உள்ளே அருமையான படக்கதைகள். சிலவற்றுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையே பிரியவில்லை. சாவி கரஸ்பாண்டென்ட் அறையில். “குட்டிப் பசங்க கிழிச்சிடுவாங்க சார்” என்றார் மிஸ். கிழிப்பார்கள்தான். கடிப்பார்கள், அட்டையை நக்குவார்கள், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாக ‘படிப்பார்கள்’, ஒரே பக்கத்தைப் பத்து தடவை காட்டச் சொல்லி உயிரை வாங்குவார்கள். மூன்று வயதில் வாசிப்பு என்றால் இதுதான். அந்த பீன் பேக்கில் குழந்தைகள் உட்காரும் நாளும் ஒன்று உண்டு: அட்மிஷன் நோட்டீசுக்குப் போட்டோ எடுக்கும் நாள். அன்று பீரோ திறக்கும். கையில் புத்தகம் வரும். கிளிக். புத்தகம் உள்ளே போய்விடும்.

ஆனால் ‘புக்ஸ் ஃபீஸ்’ மட்டும் ஜூன் மாதமே கட்டியாக வேண்டும். அதற்குத் தரும் புத்தகக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். அத்தனையும் ஒர்க் புக். கோட்டை இணை, கட்டத்தை நிரப்பு, சரியானதற்கு டிக் போடு. ஒரு கதை கிடையாது, ஒரு முயல் கிடையாது, காட்டில் தொலைந்துபோகும் ஒரு குட்டிப் பையன் கிடையாது.

கலை வளர்ப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். யானைப் படம் அச்சடித்தே வரும். கோட்டைத் தாண்டாமல் வர்ணம் அடிப்பதுதான் கலை. ஒரு குழந்தை யானைக்குச் சிவப்பு அடித்தது. “எலிஃபன்ட் என்ன கலர்?” என்று மிஸ் அதட்ட, “இதுக்கு ஜுரம் மிஸ்” என்றது. அந்தப் பதிலுக்கு ஒரு சபாஷ் கூடக் கிடைக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் ‘யூஸ் கரெக்ட் கலர்’ என்ற குறிப்பும், கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடும்தான் கிடைத்தன. மிஸ்ஸை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். சிவப்பு யானை வீட்டுக்குப் போனால் அம்மா வந்து நிற்பார், அம்மா வந்தால் கரஸ்பாண்டென்ட் கூப்பிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

கண்காட்சி வந்துவிட்டால் கலை இரவுப் பணியாகிவிடும். பிள்ளை தூங்கிய பிறகு அம்மா தெர்மாகோல் வெட்டுகிறார், அப்பா ஃபெவிகால் தடவுகிறார். நேரமில்லாதவர்களுக்கு ஸ்டேஷனரி கடையிலேயே எரிமலை தயாராகக் கிடைக்கும். காலையில் அந்த எரிமலைக்குப் பின்னால் டை கட்டிய குழந்தையை நிறுத்துவார்கள். தொட்டால் கையில் அடி. சிறப்பு விருந்தினர் குனிந்து, “இதை யார் செஞ்சது?” என்பார். “எங்கம்மா” என்று அது உண்மையைச் சொல்லும். கூட்டம் சிரிக்கும். பரிசும் கொடுத்துவிடுவார்கள்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்கிறீர்களா? சட்டம் போட்டிருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் உரிமையைத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மூன்று வருடத்தை அரசுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சேர்க்கைக்குக் குழந்தையைத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்றும் சொன்னது. உடனே பள்ளிகள் திருந்தி, நேர்காணலுக்கு ‘இன்டராக்‌ஷன்’ என்று பெயர் சூட்டிவிட்டன.

தமிழ்நாட்டில் 2019-இல் 2,381 அரசுப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் மூடப்போகிறோம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் இல்லை, நடத்துவோம் என்றார்கள். பிறகு சிறப்பாசிரியர் தேடினார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. ஒரு தலைமுறைக்குப் புத்தகத்தின் மீதும் நிறத்தின் மீதும் ஆசை மூட்ட வேண்டிய கைக்கு நாம் போட்ட விலை இது.

1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் கதை வேறு. அங்கே எடை பார்க்க வேண்டும், முட்டை கணக்கு, சத்துமாவு கணக்கு, பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இத்தனைக்கும் நடுவே கையைத் தட்டி ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் டீச்சரம்மா. உண்மையைச் சொன்னால், இன்றைக்குக் குழந்தை காதால் ஒரு கதை கேட்கும் இடம் ஏசி நர்சரியைவிட அந்த ஓட்டுக் கட்டடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் கையில் பத்துப் படக்கதைகளைக் கொடுத்து, “கிழிந்தால் கணக்குக் கேட்க மாட்டோம்” என்று ஒரு அரசாணை போட எவ்வளவு செலவாகும்? இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் அரசுப் புத்தகங்களும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

பெற்றோரும் தப்பிக்க முடியாது. பத்துப் படப்புத்தகம் வாங்கும் காசுக்கு ஒரு பீட்சா வாங்குகிறோம். வாயில் சோறு ஊட்டச் செல்போன், வாய் மூடச் செல்போன். ஹோம்வொர்க் இல்லையென்றால் பள்ளியில் போய்ச் சண்டை போடுவதும் நாம்தான். பதினைந்து வயதில் அதே பிள்ளையைக் காட்டி, “புக்கைத் தொடவே மாட்டேங்கிறான்” என்று ஊரெல்லாம் புலம்புவோம். தொட்டபோது கையில் அடித்தது யார்?

அடுத்த அட்மிஷனுக்கு விடிகாலையில் வரிசையில் நிற்கப் போகும் அப்பா அம்மாக்களே, வேன் வருமா, ஏசி உண்டா, ஃபோனிக்ஸ் சொல்லித்தருவார்களா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு இன்னொன்றையும் கேளுங்கள். இந்த வருடம் குழந்தைகள் கிழித்த புத்தகம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே எதுவுமே கிழியாது என்று பெருமையாகப் பதில் வந்தால், எடுத்துப்போன பணத்தை அப்படியே பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.